செல்லுலோஸ் ஈதர்: டைல் பசையிலும் புட்டியிலும் கலக்கும் வெள்ளைத் தூள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைல் பசை, வால் புட்டி, ஜிப்சம் பூச்சு, ஏஏசி பிளாக் (காற்றறைகள் நிறைந்த கட்டுமானக் கல்) கட்டும் கலவை என்று மூட்டையில் வரும் உலர் கலவை எதை எடுத்தாலும் அதில் கொஞ்சம் செல்லுலோஸ் ஈதர் இருக்கும். மூட்டையின் மேல் அந்தப் பெயர் பெரும்பாலும் இருக்காது. 'பாலிமர் கலந்தது' என்று மட்டும் போட்டிருப்பார்கள். வீடு கட்டுபவர்கள், டைல்ஸ் வேலை செய்பவர்கள், சிறிய அளவில் புட்டி தயாரிக்கத் தொடங்கியவர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

செல்லுலோஸ் ஈதர் எதிலிருந்து வருகிறது?

செடி, மரம் எல்லாவற்றிலும் இருக்கும் செல்லுலோஸ்தான் மூலப்பொருள். ஆலைக்கு அது மரக்கூழாகவோ, பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சாகவோ வருகிறது. செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. கரைவதாக இருந்தால் துவைக்கப் போட்ட வேட்டி வாளியிலேயே காணாமல் போயிருக்கும். அதன் நீண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து அந்தப் பிடியைத் தளர்த்தி, பிறகு மெத்தில் குளோரைடு, புரொப்பிலீன் ஆக்சைடு போன்றவற்றோடு வினைபுரிய விடுகிறார்கள். சங்கிலியின் ஒவ்வொரு குளுக்கோஸ் கண்ணியிலும் மூன்று ஹைட்ராக்சில் இடங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றில் புதிய தொகுதிகள் ஏறி உட்கார்ந்ததும் சங்கிலிகளால் முன்போல நெருங்கி அடுக்க முடிவதில்லை. இடையில் தண்ணீர் புகுகிறது. தூள் குளிர்ந்த நீரில் கரைகிறது.

மெத்தில் தொகுதி ஏறிய வகைகள் வெந்நீரில் கரையாது. அதனால் வினையில் உண்டாகும் உப்பை வெந்நீரிலேயே கழுவி நீக்கி, உலர்த்தி, அரைத்து மூட்டை போடுகிறார்கள். வெந்நீரில் கரையாத இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோடை வெயில் பற்றிய கேள்வியிலும் கலப்படம் பற்றிய கேள்வியிலும் அது மறுபடி வரும்.

சிமெண்ட் கலவையில் அது செய்யும் வேலை என்ன?

தண்ணீரைப் பிடித்து வைப்பது. மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினைக்கு மட்டும் சிமெண்டின் எடையில் ஏறக்குறைய 23 சதவீதம் தண்ணீர் வேண்டும். உருவாகும் கூழ்மத்தின் நுண்துளைகளில் தங்குவதற்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். பழைய முறையில் முக்கால் அங்குலக் கலவை போட்டு, சுவரையும் நனைத்து, டைலையும் தொட்டியில் ஊறவைத்து ஒட்டினார்கள். அவ்வளவு கனத்தில் செங்கல் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சினாலும் மீதி இருக்கும். இன்றைய டைல் பசை 3 முதல் 6 மில்லிமீட்டர் கனம், புட்டி 1 மில்லிமீட்டரைச் சுற்றி. இந்த மெல்லிய படலத்தை உலர்ந்த சுவரில் இழுத்தால், ஒரு பக்கம் சுவர் உறிஞ்சும், மறுபக்கம் காற்று உலர்த்தும். சிமெண்ட் தன் வேலையைத் தொடங்கும் முன்பே தண்ணீர் போய்விடும். மிஞ்சுவது விரலால் தேய்த்தால் மாவாக உதிரும் ஒரு பூச்சு.

செல்லுலோஸ் ஈதர் கலந்த தண்ணீர் அப்படி ஓடிவிடாது. கரைந்த சங்கிலிகள் தண்ணீரை இழுத்து வைத்துப் பருத்து, ஒன்றோடொன்று சிக்கி, அந்த நீரையே கெட்டியாக்குகின்றன. கலவையின் நுண்துளை வாய்களையும் அடைக்கின்றன. தண்ணீர் வெளியேறும், ஆனால் சிமெண்டுக்கு வேண்டிய நேரம் கொடுத்து மெதுவாக வெளியேறும். நல்ல டைல் பசையில் ஆய்வக முறைப்படி அளக்கும் நீர்ப்பிடிப்பு 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும்.

இவ்வளவையும் செய்யும் தூளின் அளவுதான் வியப்பு. 0.3 சதவீதம் என்று கணக்கிட்டால் 20 கிலோ டைல் பசை மூட்டையில் 60 கிராம்.

எச்பிஎம்சி, எச்இஎம்சி, எச்இசி, சிஎம்சி என்று பல பெயர்கள் வருகின்றன. எதற்கு எது?

உலர் கலவைக்கு முதல் இரண்டும்தான். எச்பிஎம்சி என்பது ஹைட்ராக்சிபுரொப்பில் மெத்தில் செல்லுலோஸ். எச்இஎம்சி என்பது ஹைட்ராக்சிஎத்தில் மெத்தில் செல்லுலோஸ். சிலர் எழுத்தை மாற்றி எம்எச்இசி என்பார்கள், பொருள் ஒன்றே. இரண்டும் மின்னேற்றம் இல்லாதவை என்பதால் சிமெண்டின் கடும் காரத்தன்மையும் கால்சியமும் அவற்றைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பொதுவாக எச்இஎம்சி கூடுதல் வெப்பத்தைத் தாங்கும்.

எச்இசி, அதாவது ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ், பெரும்பாலும் எமல்ஷன் பெயின்டுக்குப் போகிறது. சிஎம்சி, அதாவது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், விலை குறைவு. அது எதிர்மின்னேற்றம் கொண்டது. சிமெண்டிலிருந்து வெளிவரும் கால்சியம் அயனிகளோடு சேர்ந்து தன் கரைதிறனையும் நீர்ப்பிடிப்பையும் இழக்கும். எண்ணெய்க் கிணறு துளையிடும் சேற்றிலும் சலவைத் தூளிலும் அதற்கு நல்ல இடம் உண்டு, வெள்ளைச் சிமெண்ட் புட்டியில் இல்லை. 'ஏதோ ஒரு செல்லுலோஸ்' என்று சிஎம்சியைப் போட்டுச் செலவைக் குறைப்பவர்கள், பூச்சு மாவாக உதிர்கிறது என்று சிமெண்டைத் திட்டுவது வீண்.

இது பசைதானே? அதிகம் போட்டால் டைல் நன்றாக ஒட்டுமா?

இல்லை. இந்தத் துறையில் அதிகம் குழம்பும் இடம் இதுதான்.

ஈரமாக இருக்கும்போது செல்லுலோஸ் ஈதர் கலந்த கலவை விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அதை வைத்து 'நல்ல பசை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். இறுகிய பின் டைலைப் பிடித்து வைத்திருப்பது சிமெண்டும், அதோடு சேர்க்கும் மற்றொரு பொருளான ஆர்டிபி தூளும். ஆர்டிபி என்பது தண்ணீர் பட்டால் மறுபடி பால்போல விரவும் பாலிமர் தூள். எத்திலீன் வினைல் அசிட்டேட் வகை அதிகம் புழக்கத்தில் உள்ளது. அது இறுகிய கலவைக்குள் மெல்லிய படலமாகப் பரவி, வழவழப்பான விட்ரிஃபைடு டைலின் முதுகைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் நெகிழ்வும் தரும். விட்ரிஃபைடு டைல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. சிமெண்ட் பால் உள்ளே இறங்கிப் பிடிக்க அதில் வழியே இல்லை. அங்கே ஆர்டிபி இல்லாமல் செல்லுலோஸ் ஈதரை மட்டும் கூட்டுவதில் பயனில்லை.

ஒன்று சிமெண்ட் தன் வேலையைச் செய்து முடிக்கும்வரை தண்ணீரைக் காக்கிறது, மற்றொன்று பிடிப்பைத் தருகிறது. ஆர்டிபி கிலோவுக்கு இவ்வளவு, ஈதர் கிலோவுக்கு இவ்வளவு என்று விலையை ஒப்பிட்டு ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது.

அளவு கூடினால் கெடுதல் என்ன?

மூன்று வரும். முதலாவது, சிமெண்ட் இறுகுவது தாமதமாகும். மெத்தில் ஏற்றம் குறைந்த வகைகளில் இந்தத் தாமதம் அதிகம். இரவு ஒட்டிய தரை டைலில் காலையில் ஏறி நடக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது, காற்று. இந்தத் தூள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் கலக்கும்போது நுண்ணிய குமிழிகள் உண்டாகி உள்ளே தங்கிவிடும். கொஞ்சம் காற்று இருந்தால் கரணை லேசாக ஓடும், கொத்தனாருக்குப் பிடிக்கும். அளவு மீறினால் அமுக்க வலிமை குறையும், புட்டியில் ஊசித் துளைகள் தெரியும். மூன்றாவது, கலவை கரணையில் ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும். அதைத் தளர்த்தக் கூடுதல் தண்ணீர் ஊற்றுவார்கள், அந்தத் தண்ணீர் வெளியேறியபின் சுருக்கமும் விரிசலும் வரும்.

வழக்கமான அளவுகள் இப்படி: டைல் பசையிலும் புட்டியிலும் உலர் எடையில் 0.2 முதல் 0.5 சதவீதம், ஜிப்சம் பூச்சில் 0.2 சதவீதத்தை ஒட்டி, தானாக மட்டமாகும் தரைக் கலவையில் 0.1 சதவீதத்துக்கும் கீழே. சூத்திரத்துக்குச் சூத்திரம் இது மாறும். உங்கள் மணலும் சிமெண்டும் வேறு என்றால் அடுத்தவர் சூத்திரம் உங்களுக்கு உதவாது.

1 லட்சம், 2 லட்சம் என்று எண் போட்டு விற்கிறார்களே, எண் பெரிதானால் தரம் கூடுமா?

அந்த எண் பாகுத்தன்மை. 2 சதவீதக் கரைசலை 20 டிகிரி செல்சியஸில் அளந்து மில்லிபாஸ்கல் விநாடியில் சொல்கிறார்கள். சந்தையில் சிபிஎஸ் என்பார்கள், இரண்டும் சமம். தண்ணீருக்கு அது 1. சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு எண் பெரிதாகும். நீர்ப்பிடிப்பும் ஓரளவுவரை கூடும், பிறகு பெரிதாக ஏறாது. இறுகும் தாமதமும் கரணை ஒட்டலும்தான் மிஞ்சும். தானாக மட்டமாகும் தரைக் கலவைக்கு 400 போன்ற சின்ன எண்ணே சரி. அங்கே வேலை நீர் மேலே மிதப்பதையும் மணல் அடியில் தங்குவதையும் தடுப்பதுதான். கலவை கெட்டியானால் ஓடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கரைசல் கலக்கக் கலக்க இளகும் தன்மை கொண்டது. அதனால் எந்தக் கருவியில், எத்தனை சுழற்சியில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். சீனத் தயாரிப்புகளில் வழக்கமாகக் காணும் என்டிஜே கருவியில் 2 லட்சம் காட்டும் தூள், புரூக்ஃபீல்டு கருவியில் அதில் பாதிகூடக் காட்டாமல் போகலாம். இரண்டு விற்பனையாளர்களின் எண்களை ஒப்பிடும்முன் அளந்த முறையைக் கேளுங்கள். முறையைச் சொல்லத் தயங்குபவரிடம் எண்ணைப் பற்றிப் பேசுவதே நேர விரயம்.

டைல் ஒட்டும்போது 'திறந்த நேரம்' என்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. பல் கரணையால் பசையைச் சுவரில் வரிவரியாக இழுத்துவிட்டபின், எவ்வளவு நேரத்துக்குள் டைலை வைத்தால் பிடிக்கும் என்பதுதான் திறந்த நேரம். அதற்கப்புறம் மேலே மெல்லிய தோல் படிந்துவிடும். தோல் படிந்த பசையில் டைலை வைத்தால் அன்றைக்கு நிற்கும், சில மாதங்கள் கழித்துத் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 12004, சாதாரண வகைப் பசைக்கே 20 நிமிடம் கழித்து வைத்த டைல் சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும் என்கிறது; நீட்டித்த திறந்த நேரம் என்று எழுத வேண்டுமானால் அதே வலிமை 30 நிமிடம் கழித்தும் வேண்டும். இந்தியாவில் டைல் பசைக்கான தரநிலை ஐஎஸ் 15477. மூட்டையின் மேல் அந்த எண்ணும் வகை எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுவரில் வைத்த டைல் வழுக்கி இறங்காமல் நிற்பதற்கும் ஈதர் உதவும். ஆனால் பெரிய, கனமான டைல்களுக்கு அது மட்டும் போதாது. ஸ்டார்ச் ஈதரும் சிறிது சேர்ப்பார்கள்.

பசையை உருண்டை உருண்டையாக நாலு மூலையில் வைத்து அமுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. எவ்வளவு நல்ல ஈதர் இருந்தாலும் அந்த வெற்றிடத்தை அது நிரப்பாது.

'கலந்து 5 நிமிடம் விட்டு மறுபடி கலக்கவும்' என்று மூட்டையில் இருப்பது எதற்கு?

ஈதர் முழுவதும் கரைவதற்கு. முதலில் கலக்கும்போது கலவை தளர்வாகத் தெரியும், சில நிமிடத்தில் தானே கெட்டியாகும். அவசரத்தில் இந்த இடைவெளியை விட்டுவிட்டால், சுவரில் இழுத்தபின் கெட்டியாகும். கொத்தனார் சட்டியில் தண்ணீர் தெளித்துப் பிசைவார். அப்படி இடையில் சேர்க்கும் தண்ணீர் வலிமையைத் தின்றுவிடும்.

சுவரை நனைக்கவோ தண்ணீர் ஆற்றவோ வேண்டாமா?

டைல் பசைக்கும் புட்டிக்கும் தயாரிப்பாளர் சொல்வதைச் செய்தால் போதும். பெரும்பாலும் தண்ணீர் ஆற்ற, அதாவது இறுகும்வரை நனைத்து ஈரமாக வைத்திருக்க, தேவையில்லை. வெயிலில் கிடந்த வறண்ட சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்துத் துடைப்பது நல்லது. சாதாரண சிமெண்ட் மணல் பூச்சில் ஈதர் இல்லை. அதற்கு வழக்கம்போல் தண்ணீர் ஆற்றியே ஆக வேண்டும். 'எல்லாம் பாலிமர்தான் சார்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏஏசி பிளாக்குக்கு ஏன் தனிக் கலவை வாங்கச் சொல்கிறார்கள்?

ஏஏசி முழுக்கக் காற்றறைகள் கொண்ட கல், தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் 2, 3 மில்லிமீட்டர் மூட்டுக்கு வெறும் சிமெண்ட் மணல் கலவை தாங்காது. நீர்ப்பிடிப்பு இருப்பதால்தான் அவ்வளவு மெல்லிய மூட்டு சாத்தியமாகிறது. அடுக்கிய கல்லைத் தட்டி மட்டம் பார்க்கவும் சில நிமிடம் கிடைக்கிறது. ஏஏசி சுவரின் மேற்பூச்சிலும் இதே பிரச்சினை வரும். அங்கே பலர் சாதாரணக் கலவையைப் போட்டுவிட்டு, வலைபோல விரிசல் விட்டதும் பிளாக்கைக் குறை சொல்கிறார்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் அதே மூட்டை வேறு மாதிரி நடந்துகொள்கிறதே?

மெத்தில் தொகுதி உள்ள செல்லுலோஸ் ஈதர்களுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: கரைசலைச் சூடாக்கினால் ஒரு கட்டத்தில் கரைந்திருப்பது பிரிந்து களிம்பாகும், ஆறினால் மறுபடி கரையும். வெறும் மெத்தில் செல்லுலோஸுக்கு அந்த வெப்பநிலை 50 முதல் 60 டிகிரி. எச்பிஎம்சியில் வகையைப் பொறுத்து 60 முதல் 90 டிகிரி வரை. இது தூய நீரில். உப்புகள் கரைந்த நீரில் இந்தப் புள்ளி இறங்கும், சிமெண்ட் நீரோ உப்புகள் நிறைந்தது. மதியத்தில் மேற்குப் பார்த்த சுவர் கை வைக்க முடியாமல் சுடும்போது, அங்கே இழுத்த பசையின் நீர்ப்பிடிப்பு ஆய்வக அறையில் அளந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிடும்.

எனவே வெளிச்சுவர் வேலையைக் காலையிலோ நிழல் விழுந்தபின்போ வைத்துக்கொள்வது நல்லது. தொட்டியில் கொதித்த தண்ணீரைக் கலவைக்கு எடுக்க வேண்டாம். புட்டி தயாரிப்பவர் என்றால், களிம்பாகும் வெப்பநிலை உயர்ந்த வகையை வாங்குங்கள். விற்பனையாளரின் தரவுத்தாளில் அது இருக்கும். 25 டிகிரியில் மட்டும் சோதித்துவிட்டுக் கோடையில் விற்கும் கலவையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

தூளைத் தனியாக வாங்கி, நாமே சிமெண்டில் போட்டுக்கொள்ளலாமா?

வீட்டு வேலைக்கு வேண்டாம். 50 கிலோவில் 100, 150 கிராம் தூளை மண்வெட்டியால் சீராக விரவ முடியாது. ஒரு சட்டியில் அதிகம், அடுத்த சட்டியில் ஒன்றுமே இல்லை என்றாகும். தண்ணீரில் நேரே கொட்டினால் வெளியே கரைந்து உள்ளே உலர்ந்த கட்டிகள் மிதக்கும், எவ்வளவு கலக்கினாலும் உடையாது. கரைசல்தான் வேண்டுமென்றால் வெந்நீரில் தூளை விரவி, பிறகு குளிர்ந்த நீர் சேர்த்துக் கலக்க வேண்டும். கிளையாக்சால் என்ற வேதிப்பொருள் பூசிய வகை குளிர்ந்த நீரிலேயே கட்டி தட்டாமல் விரவி, சற்று நேரம் கழித்துக் கரையும். அது பெயின்ட் தொட்டிக்கு வசதி. உலர் கலவைக்கு உடனே கரையும் நுண்தூள்தான் வேண்டும்.

கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தை வைத்து முடியாது. வெள்ளை வெளேரென்று இருப்பது தரத்துக்கு அடையாளமில்லை. எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணாடிக் குவளையில் மெல்லிய கரைசல் போட்டு, கொதிக்கும் நீருக்குள் வைத்துச் சூடாக்குங்கள். எச்பிஎம்சி, எச்இஎம்சி என்றால் வெள்ளையாகக் கலங்கித் திரளும். ஆறவிட்டால் மறுபடி தெளியும். சிஎம்சியோ எச்இசியோ அப்படிச் செய்யாது. ஸ்டார்ச் கலந்திருக்கும் என்று சந்தேகமா? ஆறிய கரைசலில் ஒரு சொட்டு அயோடின் டிங்சர் விடுங்கள், நீலமானால் ஸ்டார்ச் இருக்கிறது. உப்புக் கலப்பை அறிய ஆய்வகத்தில் எரித்துச் சாம்பலை எடை பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகள் தூளை வாங்குபவருக்கு மட்டும்தான். மூட்டையாக டைல் பசை வாங்குபவருக்கு, சுவரில் ஒரு டைலை ஒட்டி, சில நிமிடத்தில் பெயர்த்து முதுகில் எவ்வளவு பசை பரவியிருக்கிறது என்று பார்ப்பதே போதும்.

அந்தக் காலத்தில் கடுக்காயும் வெல்லமும் போட்டது இதற்காகத்தானா?

ஓரளவு உறவு உண்டு, ஒன்றே அல்ல. சுண்ணாம்புக் கலவையில் கடுக்காய் நீரும் வெல்லமும், செட்டிநாட்டுப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள். கலவை வேலைக்கு இணங்கி வரவும், பூச்சு வழவழப்பாக வரவும், விரிசல் குறையவும் அவை உதவின. தாவரச் சர்க்கரைப் பொருள் கலவையின் தண்ணீரை நடத்தும் விதத்தை மாற்றுகிறது என்ற அளவில் இன்றைய ஈதரும் அதே குடும்பம். ஆனால் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மாதக்கணக்கில் இறுகுவது. போர்ட்லாண்ட் சிமெண்டில் வெல்லம் போட்டால் அது இறுகுவதையே தடுத்துவிடும். பெருமைக்காகக் கான்கிரீட்டில் வெல்லத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பெயின்டிலும் இருக்கிறதா?

இருக்கிறது. எமல்ஷன் பெயின்ட் டப்பாவுக்குள் கெட்டியாக இருந்து, உருளையில் எடுத்துத் தேய்க்கும்போது இளகி, சுவரில் ஏறியதும் வழியாமல் நிற்பதில் எச்இசிக்குப் பெரிய பங்கு. பாதி டப்பாவைத் திறந்தபடி வைத்தால் நுண்ணுயிர்கள் விடும் நொதிகள் அதன் சங்கிலியை வெட்டிவிடும். பெயின்ட் நீர்த்து நாற்றமடிப்பது அதனால்தான்.

உடம்புக்குக் கெடுதலா?

தூளாக மூச்சில் போகக் கூடாது, முகமூடி போடுங்கள். மற்றபடி எச்பிஎம்சியின் மருந்துத் தர வகை கண் சொட்டு மருந்திலும் மாத்திரை உறையிலும் இருக்கிறது. உணவில் இ464 என்ற எண்ணில் அனுமதிக்கப்பட்ட சேர்பொருள். கட்டுமானத் தர வகைக்கு அந்தத் தூய்மை கிடையாது, அதை எதற்கும் வாயில் வைக்க வேண்டாம். கையைப் புண்ணாக்குவது கலவையிலுள்ள சிமெண்டின் காரம். கிடங்கில் கவனிக்க வேண்டியது இரண்டு: நுண்தூள் காற்றில் அடர்ந்தால் தீப்பொறியில் வெடிக்கும், தரையில் சிந்திய தூளில் தண்ணீர் பட்டால் பாசி படிந்த படிக்கட்டைவிட மோசமாக வழுக்கும். முதலில் உலர்ந்தபடியே கூட்டி அள்ளுங்கள், கழுவுவது அதற்குப் பிறகு.